பொதுவுடைமையும் பதிப்பு முரணும்: லினக்ஸ் நிரல் நூலகங்கள், மெய்நிகர் இயந்திரங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

லினக்ஸ் இயங்குதளத்தில் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை நிறுவ முற்படுபவர் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. வேண்டிய மென்பொருள் கணினியில் இருக்கும். அம்மென்பொருள் வேண்டிநிற்கும் நிரல் நூலகமும் இருக்கும். எனினும் நூலகத்தின் பதிப்பு வேறாக இருக்கும். ஒரு மென்பொருளுக்கு ஏற்ற பதிப்பு இன்னொன்றுக்கு ஒவ்வாது போகும். திரையிலே தோன்றும் ஓரிரு வரி வழுச்செய்தியுடன் வேலை நின்றுவிடும். தொழில்நுட்பவியலாளர் இதனை அன்றாடத் தொல்லையாகக் கொண்டு, அவ்வப்போது கைக்கு வந்த பரிகாரத்தைச் செய்து அப்பாற் செல்வர். இத்தொல்லை தற்செயலானதன்று, அது தோன்றி வளர்ந்தமைக்கு ஒரு வரலாறு உண்டு, அவ்வரலாறு உழைப்பு எவ்வாறு பகிரப்பட்டது, அதன் பயனை யார் துய்த்தனர், அதன் சுமையை யார் தாங்கினர் என்னும் வினாக்களோடு பிணைந்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் நூலகம், பதிப்பு ஆகிய இரு சொற்களும் எமக்குப் புதியனவல்ல. ஒரே தலைப்பைத் தாங்கிய இரு சுவடிகள் தம்முள் வேறுபடும்போது, எது சரி என்று உடனே தீர்ப்புக் கூறாமல், அவை எங்கே, எப்போது, யாரால், எத்தேவை கருதிப் பெயர்த்தெழுதப்பட்டன என்று வினவுதலே பாடபேத ஆய்வின் முதற்படி. நிரல் நூலகங்களையும் அவ்வாறே நோக்குதல் கூடும்.

1

நிரல் நூலகம் என்னும் எண்ணக்கரு கணினியின் தொடக்க காலத்திலேயே உருவாயிற்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினிக்கென, மீண்டும் மீண்டும் பயன்படும் துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களில் எழுதப்பட்டுப் பேணப்பட்டன. மொறிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் இம்முறையினை விளக்கி 1951இல் வெளியிட்ட நூல் இத்துறையின் முதல் நூல்களுள் ஒன்றாகும். புதிய நிரல் எழுதுபவர் தமக்கு வேண்டிய துணைநிரலின் நாடாவை எடுத்துத் தமது நாடாவிற் படியெடுத்துக்கொள்வார். ஒருவர் ஒருமுறை செலவிட்ட உழைப்பு மற்றெல்லோர்க்கும் பயன்படும் பொருளாகச் சேமிக்கப்பட்டது. மார்க்ஸ் இயந்திரத்தைப் பற்றிப் பேசுமிடத்து இறந்த உழைப்பு என்று குறிப்பிட்டது எதுவோ, அது இங்கு மிகத் தெளிவான வடிவிலே காணப்படுகின்றது.

இம்முறையிற் பதிப்பு முரண் எழ வாய்ப்பில்லை. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு படியை வைத்திருந்தனர். மூலத்திற் செய்யப்படும் மாற்றம் முன்னர் எடுத்த படியைப் பாதிக்காது. மூலத்திற் கண்டு திருத்திய பிழையும் முன்னைய படியிற் திருத்தம் பெறாது. இவ்விரு பக்கங்களையும் வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மெய்நிகர் இயந்திரத்தின் பிறப்பிடமும் கேம்பிரிட்ஜ் என்னும் பெயருடைய ஊரே. ஆயின் அது ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் ஒன்று அங்கே 1960களின் நடுப்பகுதியில், விலையுயர்ந்த ஒரே கணினியைப் பலரும் தத்தமக்கெனத் தனிக்கணினி இருப்பதுபோலப் பயன்படுத்தத்தக்க முறையொன்றினை உருவாக்கிற்று. அம்முறை 1972இல் விஎம் 370 என்னும் வணிகப் பண்டமாக வெளிவந்தது. ஆக, முதலாவது கேம்பிரிட்ஜ் உழைப்பைப் பொதுவாக்கும் வழியையும், இரண்டாவது கேம்பிரிட்ஜ் பொதுவான இயந்திரத்தைத் தனித்தனியாகக் காட்டும் வழியையும் வகுத்தன. ஒன்று பகிர்வு, மற்றது பிரிப்பு. பின்வந்த அரை நூற்றாண்டு வரலாறு இவ்விரு போக்குகளும் ஒன்றையொன்று தேடியும் தள்ளியும் வந்த வரலாறே எனலாம்.

2

படியெடுக்கும் முறை மாறி, இயங்கும் வேளையிலேயே பல நிரல்கள் ஒரே நூலகப் படியைப் பகிரும் முறை எப்போது பரவிற்று? 1960களின் மல்ரிக்ஸ் இயங்குதளத்தில் அது ஏற்கெனவே இடம்பெற்றிருந்தது. யுனிக்ஸ் மரபில் அது வேரூன்றியது 1980களின் பிற்பகுதியிலாகும். சன் நிறுவனம் 1988இல் வெளியிட்ட சன் ஓஎஸ் 4.0 இதில் முக்கியமானது. வரைகலைச் சாளரங்கள் வந்தபின் நிரல்கள் பருத்தன. நினைவகமோ விலை மிகுந்ததாக இருந்தது. நூறு நிரல்கள் ஒரே நூலகத்தின் நூறு படிகளைச் சுமப்பதிலும் ஒரு படியைப் பகிர்தல் சிக்கனமானது. அத்துடன் நூலகத்திற் பிழை காணப்படின் ஓரிடத்தில் திருத்தினாற் போதும். அதனைப் பயன்படுத்தும் அனைத்தும் திருத்தம் பெறும்.

இங்கேதான் முரண் பிறக்கின்றது. பொதுவான படி ஒன்றேயாயின், அதனை மாற்றுபவர் அனைவர்க்காகவும் மாற்றுகின்றார். ஒருவரின் முன்னேற்றம் மற்றவரின் முறிவாகலாம். இதனைத் தவிர்க்கவே ஒவ்வொரு நூலகத்துக்கும் பெயரோடு பதிப்பெண் ஒன்றும் இணைக்கப்பட்டது. இயல்பு ஒத்திருக்கும்வரை எண் மாறாது. ஒத்தியைபு கெடும்போது எண் மாறும். எனவே அவ்வெண், நூலகத்தை ஆக்குபவருக்கும் அதனைப் பயன்படுத்துபவருக்கும் இடையிலான உடன்படிக்கை ஆகும். முதலாளியும் தொழிலாளியும் கையொப்பமிடும் உடன்படிக்கை போன்றதன்று இது. ஒருவரையொருவர் கண்டறியாத பல்லாயிரம் உற்பத்தியாளர் தம்முள் எழுதாமற் செய்துகொள்ளும் உடன்படிக்கை. அது மீறப்படுவதற்குத் தீய எண்ணம் வேண்டியதில்லை. கவனக்குறைவும் அவசரமும் போதுமானவை.

3

றிச்சட் ஸ்ரோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் கருப்பகுதியை வெளியிட்டு, 1992இல் அதனைக் குனூ பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். இவ்வியங்குதளத்தின் எல்லா நிரல்களுக்கும் அடித்தளமாக அமைவது சி மொழி நூலகம். குனூ திட்டம் அதற்கென ஒரு நூலகத்தை ஆக்கிக்கொண்டிருந்தது. லினக்ஸ் உருவாக்குநர்களோ அதன் வளர்ச்சி தமது தேவைக்குப் போதிய வேகமுடையதன்று எனக் கருதி, அதிலிருந்து கிளையொன்றைப் பிரித்துத் தனியே வளர்த்தனர். 1990களின் முதற்பாதியில் லினக்ஸின் சி நூலகம் இவ்வாறே குனூ நூலகத்திலிருந்து வேறாக இயங்கிற்று.

குனூ நூலகத்தின் இரண்டாம் பதிப்பு 1997 ஜனவரியில் வெளிவந்தபோது, நியமங்களுக்கு இணங்குதல், பன்மொழி ஆதரவு முதலியவற்றில் அது கிளையை விஞ்சி நின்றது. வழங்கல்கள் ஒவ்வொன்றாக மூலத்துக்குத் திரும்பின. றெட் ஹற் 1997 டிசெம்பரிலும் டெபியன் 1998 ஜூலையிலும் மாறின. கிளையிற் செய்யப்பட்ட மாற்றங்கள் மூலத்தோடு சேரவில்லை. அவற்றுள் எப்பகுதியை யார் எழுதினார் என்னும் பதிவு தெளிவாகப் பேணப்படாமையும் இதற்கொரு காரணம்; பதிப்புரிமைப் பதிவில் குனூ திட்டம் மிகக் கண்டிப்பானது. கிளை நான்காம், ஐந்தாம் எண்களைப் பயன்படுத்திவிட்டதாற் குனூ நூலகத்தின் இரண்டாம் பதிப்பு லினக்ஸில் ஆறு என்னும் எண்ணைப் பெற்றது. இன்றும் லினக்ஸ் கணினிகளிற் காணப்படும் அந்த ஆறு என்னும் எண் ஒரு பிரிவினதும் ஒரு மீளிணைவினதும் நினைவுச்சின்னமாகும்.

இவ்வனுபவத்தின் பின்னர், முழு நூலகத்துக்கும் ஓர் எண் போதாது என்பது உணரப்பட்டது. 1999இல் வந்த 2.1ஆம் பதிப்பு தொட்டு நூலகத்தின் உள்ளே உள்ள ஒவ்வொரு செயற்கூற்றின் பெயருக்கும் தனித்தனிப் பதிப்புக் குறி இடப்படலாயிற்று. அதனால் ஒரே பெயருடைய செயற்கூற்றின் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே நூலகத்தில் அருகருகே வாழ முடிந்தது. ஆனால் இவ்வேற்பாடு ஒருதிசைப்பட்டது. பழைய நூலகத்தின்மேல் ஆக்கப்பட்ட நிரல் புதியதன்மேல் ஓடும். புதியதன்மேல் ஆக்கப்பட்டது பழையதன்மேல் ஓடாது. குறித்த பதிப்பைக் காணவில்லை என்று முறையிடும் வழுச்செய்தி இதன் விளைவே.

அது எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு 2010ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்று. நினைவகத்தில் ஓரிடத்துள்ள தரவை இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும் மெம்கொப்பி என்னும் செயற்கூறு, வேகம் கருதித் திருத்தி எழுதப்பட்டது. மூலவிடமும் சேரிடமும் ஒன்றன்மேலொன்று படியுமாயின் இச்செயற்கூற்றைப் பயன்படுத்தலாகாது என்பது மொழியின் நியமம். பிளாஷ் நிரலின் 64 பிற் பதிப்பு இந்நியமத்தை மீறியிருந்தது. பழைய நூலகத்தில் அம்மீறல் வெளித்தெரியவில்லை; பெடோறா 14இல் ஒலி சிதைந்து கேட்டது. நியமத்தை மீறியவரே குற்றவாளி என்றனர் ஒரு சாரார். பயனாளரின் கணினி நேற்றுவரை ஒழுங்காக இயங்கிற்று, இன்று இயங்கவில்லை; அவருக்கு நியமத்தைக் காட்டி என்ன பயன் என வாதிட்டனர் மறுசாரார். டோர்வால்ட்ஸ் பின்னவர் பக்கம் நின்றார். 2011இல் வெளிவந்த 2.14ஆம் பதிப்பில், முன்னர் ஆக்கப்பட்ட நிரல்களுக்குப் பாதுகாப்பான பழைய ஒழுக்கமும், புதிதாக ஆக்கப்படுவனவற்றுக்கு வேகமான வடிவமும் கிடைக்குமாறு இரு குறிகள் இடப்பட்டன. பிளாஷின் மூலநிரல் மூடியதாக இருந்தமையால், பிழையைக் கண்டவர்கள் அதனைப் பிழை உள்ள இடத்திலேயே திருத்த முடியாதிருந்தது. அதன் சுமையைப் பொதுநூலகமே ஏற்றது.

4

இனி மெய்நிகர் இயந்திரங்களுக்கு வருவோம். இன்டெல் வழிவந்த சிறு கணினிகளில் அவற்றை இயக்குதல் நெடுங்காலம் கடினமாயிருந்தது. விஎம்வெயர் நிறுவனம் 1999இல் அதனைச் சாதித்தது. பப்றிஸ் பெலார் 2003இல் கியூஎம்யு நிரலை வெளியிட்டார். அதே ஆண்டிற் சென் என்னும் முறையினை விவரிக்கும் ஆய்வுரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. நூலகம் தோன்றிய இடத்திற்கு மெய்நிகர் இயந்திரமும் வந்து சேர்ந்தது. குவெம்ரானெற் என்னும் நிறுவனத்தில் ஆக்கப்பட்ட கேவிஎம் 2007 பெப்ரவரியில் லினக்ஸ் கருப்பகுதியிற் சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒரே முறையில் ஆளுதற்கு லிப்வேர்ட் என்னும் நூலகம் 2005 முதல் வளர்க்கப்பட்டது.

மெய்நிகர் இயந்திரம் பரவியமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று பதிப்பு முரணே. ஒவ்வாத நூலகங்களை வேண்டும் இரு நிரல்களை ஒரே கணினியில் வைக்க இயலாதாயின், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்கணினியைக் கற்பித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் முரணைத் தவிர்க்க வந்த அக்கருவியும் ஒரு நிரலே. அதுவும் நூலகங்களின்மேல் நிற்பதே. எனவே மெய்நிகர் இயந்திரத்தினுள்ளே இல்லாதொழிந்த முரண் அதன் வாயிலிலே காத்திருக்கின்றது.

இதற்கு வேக்ரண்ட் பற்றிய நிகழ்ச்சி தக்க எடுத்துக்காட்டு. மெய்நிகர் இயந்திரங்களை ஒரு சிறு விவரக்கோப்பின் துணையால் எழுப்பும் இக்கருவி 2010இல் தோன்றியது. எல்லா வழங்கல்களிலும் ஒரேவிதமாக இயங்கவேண்டி, அது தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னுடனேயே கட்டிக்கொண்டு வந்தது. லிப்வேர்டோடு அதனை இணைப்பது தன்னார்வலர் ஆக்கிய ஒரு செருகு நிரல். றெட் ஹற் என்ரர்பிரைஸ் லினக்ஸின் எட்டாம் தலைமுறையிலும் அதன் காலத்துப் பெடோறாவிலும் இவ்விணைப்பு முறிந்தது. மறையாக்கத்துக்குரிய ஓப்பின் எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.1.1ஆம் பதிப்பு இரு பக்கத்திலும் இருந்தது. பெயரும் ஒன்று, எண்ணும் ஒன்று. ஆனால் றெட் ஹற் பின்னர் வரவிருந்த 3.0ஆம் பதிப்பின் சில செயற்கூறுகளைத் தனது 1.1.1 இனுள் முன்கூட்டியே சேர்த்திருந்தது. அவ்வழங்கலின் ஏனைய நூலகங்கள் அவற்றை எதிர்பார்த்தே ஆக்கப்பட்டன. வேக்ரண்ட் கொணர்ந்த 1.1.1 இலோ அவை இல்லை.

நிகழ்ந்ததன் ஒழுங்கைக் கவனிப்போம். வேக்ரண்ட் தொடங்கியதும் அதன் சொந்த மறையாக்க நூலகம் நினைவகத்தில் ஏறுகின்றது. பின்னர் லிப்வேர்ட் ஏறுகின்றது. அது வழங்கலின் தொடர்பாடல் நூலகத்தையும் அடையாள உறுதிப்பாட்டு நூலகத்தையும் அழைக்கின்றது. அவை மறையாக்க நூலகத்தை வேண்டுகின்றன. இணைப்பி பெயரைப் பார்க்கின்றது. அப்பெயருடையது ஏற்கெனவே ஏறியுள்ளது. எனவே இன்னொன்றை அது தேடுவதில்லை. முதலில் வந்தவரே அப்பெயருக்கு உரியவர். விளைவு, குறித்த செயற்கூற்றைக் காணவில்லை என்னும் வழுச்செய்தி.

இத்தகைய முரணைத் துலக்கும் முறையும் வரலாற்று முறையே. வழுச்செய்தி எந்தக் கோப்பு எந்தப் பெயரை எந்தப் பதிப்பில் வேண்டிற்று என்று கூறும். அதனை முதலில் முழுமையாக வாசித்தல் வேண்டும். எல்டிடி என்னும் கட்டளை ஒரு நிரல் எந்நூலகங்களை எங்கிருந்து பெறும் என்பதைக் காட்டும். நம்பகமற்ற நிரலின்மேல் அதனை ஏவலாகாது, ஏனெனில் அந்நிரலே இயங்கிவிடக்கூடும். எல்டி டிபக் என்னும் சூழல் மாறியை இட்டு இயக்கினால் இணைப்பி தேடிய இடங்களும் கண்டெடுத்த கோப்புகளும் வரிசையாக வெளிப்படும். ரீட் எல்ப் என்னும் கருவி ஒரு கோப்பினுள் எழுதப்பட்ட தேவைகளையும் பதிப்புக் குறிகளையும் காட்டும். எக்கோப்பு எப்பொதியைச் சேர்ந்தது என்பதைப் பொதி முகாமையிடமிருந்து அறியலாம். மூலம், வழித்தோன்றல், இடைச்செருகல் ஆகிய மூன்றையும் பிரித்தறிந்தபின்னரே பரிகாரம் தேடுதல் முறை.

பரிகாரங்களுள் ஆபத்தானவையும் உள. ஒரு கணினியின் சி நூலகத்தை இன்னொரு கணினியிலிருந்து கொணர்ந்து அதன்மேற் படியெடுத்தால், அடிப்படைக் கட்டளைகளே இயங்காது முழுக் கணினியும் முடங்கலாம். எல்டி லைப்ரரி பாத் என்னும் மாறியால் தேடும் வழியை எல்லா நிரலுக்கும் நிரந்தரமாகத் திருப்புவது ஒரு முரணைத் தீர்த்துப் பத்தை உண்டாக்கும். வேக்ரண்ட் விடயத்தில் இரு வழிகள் நியாயமானவையாக அமைந்தன: ஒன்று, முரண்பட்ட நூலகங்களை அக்கருவியின் சொந்த நூலகத்தோடு ஒத்தியையுமாறு மூலநிரலிலிருந்து மீள ஆக்குதல், மற்றது, வழங்கலே தன் நூலகங்களின்மேல் ஆக்கி அளித்த பொதியைப் பயன்படுத்துதல். இரண்டும் மூலநிரல் திறந்திருந்தமையாற் சாத்தியமாயின.

5

இம்முரணைப் பற்றி இரு எளிய விளக்கங்கள் வழங்குகின்றன. பயனாளரின் அறியாமையே காரணம் என்பது ஒன்று. மேற்காட்டிய நிகழ்ச்சியிற் பயனாளர் எப்பிழையும் செய்யவில்லை என்பதே இதற்கு விடை. மற்றது எமது அணியினர் சிலரிடம் காணப்படுவது. முதலாளித்துவம் ஒழிந்தால் இம்முரணும் ஒழியும் என்பது. இதனையும் நாம் ஏற்பதற்கில்லை. லினக்ஸ் நூலகக் கிளை 1990களில் பெரிதும் தன்னார்வலரிடையே தோன்றியது. இலாபநோக்கு அதன் காரணமன்று. உழைப்பு பலரிடையே பரவி, அவர்கள் வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு தேவைகளுக்காக இயங்கும் எச்சமூகத்திலும் பதிப்புகள் வேறுபடவே செய்யும். சமூக உறவுகள் தீர்மானிப்பது முரணின் இருப்பையன்று. அதன் சுமை யார் தோளில் விழும், அதனைத் தீர்க்கும் ஆற்றல் யார் கையில் இருக்கும் என்பவற்றையே.

2014இல் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டபோது, உலகின் பெருநிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த ஓப்பின் எஸ்எஸ்எல் நூலகத்தை மிகச் சிலரே மிகக் குறைந்த பொருளுதவியுடன் பேணி வந்தமை தெரியவந்தது. நூலகத்தைப் பகிர்ந்துகொண்ட நிரல்கள் ஒரே திருத்தத்தாற் காப்பாற்றப்பட்டன. நூலகத்தைத் தமக்குள்ளே கட்டிவைத்திருந்தவை ஒவ்வொன்றும் தனித்தனியே திருத்தப்பட வேண்டியிருந்தன. எட்சாக் காலத்து நாடாவின் பழைய குறை இங்கே மீண்டும் தலைகாட்டியது.

உடைமையின் போக்கும் நோக்கத்தக்கது. ஐபிஎம் 2019இல் றெட் ஹற்றை வாங்கியது. வேக்ரண்டை ஆக்கும் ஹாஷிகோர்ப் 2023 ஓகஸ்டில் தன் மென்பொருள்களைச் சுதந்திர உரிமத்திலிருந்து கட்டுப்பாடுடைய வணிக உரிமத்துக்கு மாற்றியது. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனமும் ஐபிஎம்மின் உடைமையாயிற்று. விஎம்வெயர் 2023 நவம்பரில் புறோட்கொம் வசமாகி, அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. மேற்சொன்ன இரு பரிகாரங்களும் மூலநிரலை மீள ஆக்கி வழங்கும் உரிமையிலேயே தங்கியிருந்தன என்பதை இங்கு நினைவுகூரல் தகும். உரிமம் சுருங்கும்போது முதலில் பறிபோவது மென்பொருளன்று, பழுதுபார்க்கும் ஆற்றலே.

6

இன்று இரு புதுப்போக்குகள் உள. 2013இல் டொக்கர் பிரபலப்படுத்திய கொள்கலன் முறை, கருப்பகுதியை மாத்திரம் பகிர்ந்து நூலகங்களை ஒவ்வொரு நிரலோடும் சேர்த்துக் கட்டுகின்றது. ஈல்கோ டொல்ஸ்ரா 2006இல் உட்றெக்ற் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்த கலாநிதிப்பட்ட ஆய்வில் விரித்துரைத்த நிக்ஸ் முறை வேறானது. ஒவ்வொரு பொதியையும் அதனை ஆக்கப் பயன்பட்ட எல்லாவற்றையும் கொண்டு கணித்த தனிக்குறியாற் பெயரிட்டு, எத்தனை பதிப்புகளும் ஒருங்கே வாழ அது இடமளிக்கின்றது. முன்னது முரணை மூடி வைக்கின்றது. பின்னது அதனைப் பெயரிட்டு அறிகின்றது. ஒரே பெயரும் ஒரே எண்ணும் தாங்கிய இரு வேறு நூலகங்களை வேக்ரண்ட் நிகழ்ச்சியிற் கண்டோம். அத்தகைய மயக்கம் நிக்ஸ் முறையில் எழுவது அரிது.

தொகுத்து நோக்குமிடத்து, பகிர்வு, பிரிப்பு என்னும் இரண்டனுள் ஒன்றை முற்றாகத் துறந்து மற்றதை ஏற்பது தீர்வாகாது என்பது தெளிவாகும். பிரித்துக் கட்டினால் திருத்தம் சென்றடையாது. கண்மூடிப் பகிர்ந்தால் ஒருவர் மாற்றம் மற்றவரை முறிக்கும். மாற்றத்தைப் பதிவுசெய்தல், பழைய உடன்படிக்கையை மதித்தல், மூலத்தைத் திறந்து வைத்தல், பேணுபவருக்கு உரிய ஊதியமும் மதிப்பும் அளித்தல் ஆகியனவே பொதுவுடைமையைப் பொதுவாக வைத்திருக்கும் வழிகள். இவை தொழில்நுட்பத் தெரிவுகள் மாத்திரமல்ல. வழுச்செய்தி ஒன்றைத் திரையிற் காணும் மாணவர் அதனைத் தம் அறியாமையின் சான்றாகக் கொண்டு நாணவேண்டியதில்லை. முகமறியாத பலரின் உழைப்பு ஒன்றோடொன்று பொருந்தாமற்போன இடம் அது. அதனைப் பொறுமையுடன் வாசித்து மூலத்தைத் தேடிச் செல்பவர் அவ்வுழைப்பிற் தாமும் ஒரு பங்காளராகின்றார்.